ஏரிக்கரையில் கிடக்கும் மட்டி ஓடுகளை இனங்காணும் வகை

பங்குனி, சித்திரை மாதங்களில் ஏரி குளங்களில் ஜலம் வற்றி உள்வாங்கும்போது, கரையோரத்துச் சேற்றில் கறுத்தும் வெளுத்தும் சிப்பி ஓடுகள் சிதறிக் கிடப்பதைக் கிராமவாசிகள் யாவரும் கண்டிருப்பார்கள். குழந்தைகள் அவற்றைப் பொறுக்கி விளையாடுகிறார்கள். சில வீடுகளில் மாங்காய்த் தோல் சீவுவதற்கும், சட்டியின் அடியைச் சுரண்டுவதற்கும் அவை உபயோகப்படுகின்றன. அதற்கு மேல் அவற்றைப் பற்றி ஒருவரும் சிந்திப்பதில்லை. ஆயினும், ஏரியின் மீன் பாசியில் பங்குள்ள ஐக்கிய சங்கத்து அங்கத்தினர்கள் இவ்வோடுகளைக் கையிலெடுத்துப் பார்த்து, இன்னது என்று சொல்லக் கற்றுக்கொள்வது மிகவும் பிரயோஜனமுள்ளதாகும்.

இதற்கான சந்தர்ப்பங்கள் இரண்டு அடிக்கடி நேருகின்றன. ஒரு நாள் காலையில் கரையோரம் முழுவதும் ஓடுகள் கிடக்கின்றன; உடனே, "குத்தகைக்காரர் ஏரியில் மருந்தைக் கலந்துவிட்டார்" என்று ஒரு சாரார் கூக்குரலிடுகிறார்கள்; மற்றொரு சாரார் அதை மறுக்கிறார்கள்; சங்கத்தில் இரண்டு கட்சி உண்டாகிறது. அல்லது, வெளியூரிலிருந்து ஒரு வியாபாரி வந்து, முத்து விளைவிப்பதற்கென்று உயிருள்ள மட்டிகளை மூட்டை மூட்டையாக எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறார். கையில் ரொக்கமும் காட்டுகிறார். இவ்விரண்டிலும் நிர்வாகக் கமிட்டியார் ஓரிரு நாளில் ஒரு முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. ஓட்டைப் பற்றிய அறிவு இல்லாமல் செய்யும் முடிவு பெரும்பாலும் ஊகமாகவே இருக்கும்.

முதலாவதாக, மட்டியையும் நத்தையையும் பிரித்தறிய வேண்டும். நத்தையின் ஓடு ஒன்றே. அது திருகிச் சுருண்டிருக்கும். மட்டியின் ஓடு, மூடி போட்ட செப்பைப் போல இரண்டு பாதிகளாலானது. இரண்டும் முதுகுப்புறத்தில் ஒரு கீலால் இணைந்திருக்கும். ஒற்றைப் பாதி மட்டும் கிடைத்தாலும், அது சுருளின்றி ஒரு சிறு கிண்ணத்தைப் போலக் குழிந்திருப்பதால் மயக்கத்திற்கு இடமில்லை.

நத்தைகளிலும் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நலம். எலுமிச்சம்பழ அளவுள்ள உருண்டை நத்தைக்கு வாயை அடைக்கக் கல் போன்ற தடித்த மூடி ஒன்று உண்டு. கோடையில் அது மூடியைச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். அதனால், மூடி இறுகியிருக்கும் நத்தையைச் செத்தது என்று தள்ளிவிடக் கூடாது. மூடியே இல்லாத சிறு நத்தைகள் இரண்டு வகை. ஒன்று, வாய் அகன்று, நகத்தால் நெருக்கினாலே நொறுங்கும் மெல்லிய ஓடுடையது. மற்றொன்று, சுருட்டி வைத்த கயிற்றைப் போலத் தட்டையாகச் சுருண்டது. கால்நடை வைத்திருப்போர் இவ்விரண்டையும் கண்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆடுமாடுகளின் கல்லீரலிலும் இரத்தக் குழாய்களிலும் புகுந்து நோய் விளைவிக்கும் தட்டைப் புழுக்கள், தங்கள் இளம் பருவத்தை இத்தகைய நத்தைகளின் உடலில்தான் கழிக்கின்றன. மாடுகள் மூக்கடைத்துக் குறட்டை விடும் நோய்க்குக் காரணமான புழுவை 1933-ஆம் ஆண்டில் எம். அனந்தநாராயண ராவ் என்னும் மிருக வைத்திய நிபுணர் விவரித்தார். அப்புழுவைச் சுமப்பது மேற்சொன்ன தட்டைச் சுருள் நத்தையே. இவை மிகுந்துள்ள ஓரத்தில் கன்றுகாலிகளை இறக்காமல், தொட்டியில் தண்ணீர் காட்டுவது உத்தமம். மட்டிகள் இந்நோய்களைப் பரப்புவதில்லை. மூடனை "மட்டி" என்று வைவது உலக வழக்கு. உண்மையில் இந்த ஜந்துவால் ஏரிக்கு நன்மையே அன்றித் தீமை இல்லை.

இனி மட்டிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டு ஏரி குளங்களில் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று நான்கு வகைகளே. அவற்றுள் பெரியது, 3 அல்லது 4 அங்குல நீளமும், நீள்வட்ட வடிவமும், வழவழப்பான கரும்பழுப்பு மேல்தோலும் உடையது. ஓரத்தையொட்டி மஞ்சள் கலந்த பழுப்பு நிறமான ஒரு கரை தெரியும். உட்புறம் முத்தைப் போலப் பளபளக்கும். கீலின் உட்புறத்தைப் பார்த்தால், பின்பக்கம் நோக்கி நீண்டு செல்லும் தகடு போன்ற பல் தென்படும். இத்தகட்டுப் பல்லை வைத்தே சாஸ்திரிகள் இதன் பேரினத்திற்கு லாமெல்லிடென்ஸ் என்று பெயரிட்டனர். இவ்வகைக்கு லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்பது முழுப் பெயர். இதற்கு உடன்பிறப்பைப் போன்ற கோரியானஸ் என்னும் வகை, இதைவிடக் குறுகி நீண்டிருக்கும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஏறக்குறைய இணையாக ஓடும். இரண்டும் ஒரே ஏரியில் கலந்து வாழ்வதுண்டு. ஒற்றை ஓட்டை வைத்து அனுபவஸ்தர்களே தடுமாறுவதால், சங்கத்தார் இவ்விரண்டையும் "பெரிய மட்டி" என்று ஒன்றாக எழுதிக்கொள்வதில் பிசகில்லை.

மூன்றாவது வகை பார்ரெய்ஸியா எனப்படுவது. இது சிறியது, பெரும்பாலும் 2 அங்குலத்திற்கு உட்பட்டது, ஆனால் உருண்டு தடித்தது. கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சிய கனம் தெரியும். இதன் உச்சிப் பாகத்தில், அதாவது கீலுக்கு மேல் புடைத்திருக்கும் குமிழில், கோணல்மாணலான வரிகள் பதிந்திருக்கும். பழைய ஓடுகளில் உச்சி அரிக்கப்பட்டு அவ்வரிகள் மறைந்து போவதால், குட்டி ஓடுகளில் தேடுவது எளிது. நான்காவது, புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதான முக்கோண உருவமுள்ள கார்பிகுலா. இதன் வெளிப்புறத்தில் விளிம்புக்கு இணையாக வரிவரியாக மேடுகள் எழும்பியிருக்கும். உட்புறம் முத்துப் போலப் பளபளக்காமல், பீங்கான் போல மங்கிய வெண்மையாகவோ ஊதா சாயலாகவோ இருக்கும். மணற்பாங்கான வாய்க்கால்களிலும் ஆற்றோரங்களிலும் இதை அதிகம் காணலாம்.

இவற்றுள் ஒன்றோடும் பொருந்தாத ஓடும் சில சமயம் அகப்படும். உச்சியிலிருந்து விளிம்பு வரையில் விசிறி மடிப்பைப் போல வரிகள் ஓடுமானால், அது கடற்சிப்பி. கட்டட வேலைக்கோ சுண்ணாம்புக் காளவாய்க்கோ கொண்டுவந்த கிளிஞ்சலிலிருந்து சிந்தியதாக இருக்கலாம். அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலோ வேறொரு விந்தை உண்டு. அங்கே கிணறு வெட்டும்போதும் ஓடைக்கரைகளிலும் கல்லாய்ச் சமைந்த சிப்பிகள் கிடைக்கின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அவை அடுக்கடுக்காகப் பதிந்திருக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பிரதேசம் கடலாயிருந்த காலத்தவை அவை. இன்றைய ஏரியின் நிலைமைக்கும் அவற்றிற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. தட்டினால் கல்லின் ஓசை வருவதும், கனமும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓட்டின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அறிவது எண்ணிக்கைக்கு மிக அவசியம். உச்சிக் குமிழ் முன்பக்கத்திற்குச் சமீபமாக இருக்கும். குமிழுக்குப் பின்னால் கீலின் மேல் கரிய நார் போன்ற ஒரு கட்டு ஒட்டியிருக்கும். மட்டி உயிரோடிருக்கையில், முன்பக்கத்தைச் சேற்றில் புதைத்து, பின்பக்கத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் பின்பக்கத்தில் பாசிக்கறை படிந்திருப்பதும் உண்டு. இரு பாதியும் சேர்ந்த ஓட்டை, குமிழ் மேலாகவும், கரிய கட்டு தன்னை நோக்கியும் இருக்கும்படி பிடித்தால், இடக்கைப் பக்கம் இருப்பது இடப்பாதி. பெரிய மட்டியின் இடப்பாதியில் நீண்ட பல் இரண்டு வரியாகவும், வலப்பாதியில் ஒரே வரியாகவும் இருக்கும். இறந்த மட்டிகளைக் கணக்கிடும்போது இடப்பாதிகளைத் தனியாகவும் வலப்பாதிகளைத் தனியாகவும் எண்ணி, அதிகமான தொகையைக் கொள்ள வேண்டும். உதாரணமாக, 120 பாதிகள் பொறுக்கியதில் இடப்பாதி 66, வலப்பாதி 54 என்றால், இறந்தவை குறைந்த பக்ஷம் 66. "நூற்றிருபது மட்டி செத்தன" என்று மனுவில் எழுதிவிட்டுப் பிறகு விசாரணையில் விழிப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணமாகும்.

அடுத்தபடியாக, எப்போது இறந்தது என்பது. எல்லா விஷயங்களிலும் இதுவே முக்கியமானது. சண்டைகளில் பெரும்பாலும் கவனிக்கப்படாததும் இதுவே. மட்டியின் ஓட்டை மூடி வைப்பது உள்ளிருக்கும் இரண்டு தசைகள். கரிய கட்டோ, வில்லைப் போல ஓட்டைத் திறக்கவே எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும். உயிர் போனதும் தசை தளர்ந்து ஓடு தானே வாய் பிளந்துவிடும். ஆகையால், இறுக மூடியிருப்பது சாதாரணமாக உயிருள்ளது. பிளந்திருப்பதைத் தொட்டவுடன் மூடிக்கொண்டால் அதுவும் உயிருள்ளதே. தொட்டும் மூடாமல், உள்ளே சதையும் துர்நாற்றமும் இருந்தால், இறந்து சில நாட்களே ஆயின. சதை போய், இரு பாதியும் கட்டால் இணைந்து, கட்டு இன்னும் வளையக்கூடியதாக, உட்புறம் மினுமினுப்புக் குறையாமலிருந்தால், அதுவும் சமீபத்ததே. கட்டு காய்ந்து நொறுங்கி, பாதிகள் பிரிந்து, மேல்தோல் உரிந்து சுருண்டு, உட்புறமும் சுண்ணாம்பு பூசினாற்போல மங்கிப்போயிருந்தால், அது பழைய ஓடு. போன கோடையினுடையதாகவும் இருக்கலாம். அதற்கும் முந்தியதாகவும் இருக்கலாம். தண்ணீர் வற்றும்போது பல வருஷத்து ஓடுகள் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிவதனால், ஒரே நாளில் இறந்தவை போலத் தோன்றுகின்றன. வெளுத்த ஓட்டை ஆதாரமாகக் காட்டி, நேற்று ஏரியில் விஷம் கலந்தார்கள் என்று எவர்மீதும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது.

புதிதாக இறந்தவையே என்று தெரிந்தபின், காரணத்தைத் தேட வேண்டும். ஜலம் உள்வாங்கிய விளிம்பை ஒட்டி, பெரிதும் சிறிதுமாகக் கலந்து, இரு பாதியும் சேர்ந்தபடியே கிடந்தால், வறட்சியே காரணமென்று பெரும்பாலும் கொள்ளலாம். மட்டி தன் தசைக்காலைக் கலப்பையின் கொழுவைப் போல நீட்டிச் சேற்றில் நகர்ந்து செல்லும். வற்றும் தண்ணீரைத் தேடிப் போன அந்தச் சால் சேற்றில் அழியாமல் தெரியும். சாலின் முடிவில் ஓடு பிளந்து கிடக்கும். பறவைகள் தின்றவையானால், பெரிய ஓடுகளே அங்கங்கே தனித்தனியாகக் கிடக்கும். சுற்றிலும் கால்தடம் இருக்கும். அலகின் நடுவில் இடைவெளியுள்ள நத்தைகுத்தி நாரை, நத்தையை முக்கியமாகத் தின்றாலும் மட்டியையும் விடுவதில்லை. வேடந்தாங்கலைப் போன்ற ஏரிகளில் இவை கூட்டமாகத் தங்குகின்றன. ஒரே அளவான ஓடுகள் மரநிழலில் ஒரு குவியலாக, சாம்பலோடு கிடந்தால், யாரோ வேகவைத்து உண்டிருக்கிறார்கள் என்று அறியலாம். அது குற்றமன்று, சாக்கடையோ ஆலைக் கழிவோ விழும் ஏரியில் மட்டும் இவ்வுணவு ஆபத்தானது, ஏனெனில் தண்ணீரிலுள்ள அசுத்தங்கள் மட்டியின் சதையில் சேர்ந்து தங்கிவிடும்.

இவை ஒன்றும் பொருந்தாமல், ஏரியில் போதிய ஜலம் இருக்கும்போதே மட்டி, நத்தை, மீன் எல்லாம் சேர்ந்து இறந்து, ஓடுகளில் சதையும் நாற்றமும் இருந்தால்தான் விஷத்தையோ கெட்ட ஜலத்தையோ சந்தேகிக்க வேண்டும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கெட்ட ஜலம் வந்தால் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு கொஞ்ச காலம் பொறுத்திருக்க வல்லது. மீனுக்கு அந்தச் சக்தி இல்லை. ஆகையால், மீன் மட்டும் மிதந்து மட்டி பிழைத்திருப்பதால், விஷம் கலக்கவில்லை என்று சாதிக்க முடியாது. அவ்வாறே, விடியற்காலையில் மீன் மிதப்பதெல்லாம் விஷமும் அன்று. பாசி மண்டிப் பச்சையாகிப்போன ஏரியில், இரவில் பிராணவாயு குறைந்து மீன்கள் மூச்சுமுட்டிச் சாவதுண்டு. சந்தேகமுள்ளபோது, அன்றே சுத்தமான புட்டியில் ஜலத்தை நிரப்பி மூடி, இறந்த மீன் சிலவற்றைப் பனிக்கட்டியில் வைத்து, தேதியும் நேரமும் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு மீன்வளத் துறையாரிடம் ஒப்படைக்க வேண்டும். மறுவாரம் எடுத்த ஜலம் ஒன்றுக்கும் உதவாது.

ஓட்டின் மேலுள்ள வட்ட வரிகளைக் கொண்டு வயதைச் சொல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று வருஷத்திற்கு ஒரு கருவரி விழும். நம் ஏரிகளில் வறட்சியில் வளர்ச்சி நின்றாலும் வரி விழலாம். ஆகவே இங்கே வரிக் கணக்கு உத்தேசமானதே.

மட்டிக்கும் மீனுக்கும் உள்ள உறவு மீன் பாசியில் பங்குள்ளவர்கள் அவசியம் அறிய வேண்டியது. பெரிய மட்டியின் தாய் தன் செவுள்களில் முட்டைகளை அடைகாக்கிறது. அதிலிருந்து வெளிவரும் மிகச் சிறிய குஞ்சுகள், ஜலத்தில் நீந்தும் மீனின் செவுளிலோ துடுப்பிலோ பற்றிக்கொண்டு கொஞ்ச காலம் தங்கி, உருமாறிப் பின்பு சேற்றில் விழுந்து தனியே வாழத் தொடங்குகின்றன. மீன் இல்லாத குளத்தில் இவ்வகை மட்டி பெருகாது. மட்டியோ தன் பங்குக்கு, நாளொன்றுக்குப் பல லிட்டர் ஜலத்தைச் செவுள் வழியாக இழுத்து, அதிலுள்ள பாசித் துகளை வடிகட்டி உண்டு, ஜலத்தைத் தெளிவாக்குகிறது. (1895-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து நில, விவசாய பாங்குகளைப் பற்றி அறிக்கை எழுதி, நமது ஐக்கிய இயக்கத்திற்கு வித்திட்ட ஸர் பிரெடரிக் நிக்கல்ஸனே, பின்னர் அம்மாகாணத்தின் மீன் இலாகாவையும் தொடங்கி நடத்தியவர். கடன் சங்கத்திற்கும் ஏரி மீனுக்கும் சம்பந்தமென்ன என்று கேட்போர் இதை அறிவது நலம்.)

இனி, வியாபாரியின் விஷயம். புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், நன்னீர் மட்டிகளில் முத்து விளைவிக்கும் முறையைக் கண்டு பயிற்சியும் அளித்து வருகிறார்கள். அதற்குத் தகுந்தது மேலே முதலில் சொன்ன பெரிய மட்டியே. அதுவும் 8 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆரோக்கியமான மட்டி. ஓட்டைச் சிறிதே திறந்து, சதைக்குள் ஒரு சிறு கருவைப் பதித்து, ஆறவிட்டு, வலைப்பைகளில் தொங்கவிட்டு, 12 முதல் 18 மாதம் வரை பராமரிக்க வேண்டும். கத்தி வைத்தபின் ஒரு பகுதி இறந்துபோவது சகஜம். பிழைத்தவற்றிலும் எல்லாம் நல்ல முத்தைத் தருவதில்லை. ஏரியில் தானாக வளர்ந்த மட்டியைப் பிளந்தால் முத்து கிடைக்குமென்பது பெரும்பாலும் வீண் ஆசை. அபூர்வமாக அகப்படுவதும் விலை பெறாத கோணல் மணியாகவே இருக்கும். எனவே, "ஓராண்டில் பணம் பல மடங்கு, முத்தை நாங்களே வாங்கிக்கொள்வோம்" என்று சொல்லிச் சங்கத்தின் நிதியிலிருந்து முன்பணம் கேட்போரிடம், முந்திய வருஷங்களில் எங்கே எவ்வளவு முத்து வாங்கினார்கள் என்பதற்குக் கணக்குக் கேட்க வேண்டும். கணக்குக் காட்டாதவருக்குச் சங்கத்துப் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

உயிர் மட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறேன் என்பவருக்கும் சட்டென்று சம்மதிக்கலாகாது. முதலில் குத்தகைப் பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். மீன் பிடிக்கும் உரிமை என்று மட்டும் எழுதியிருந்தால், மட்டி எடுக்கும் உரிமையும் அதில் அடங்குமா என்பதை ஏரிக்கு உரிய அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டறிய வேண்டும். பெரியவற்றையே பொறுக்கி எடுப்பதால், அவர்கள் கொண்டுபோவது முட்டையிடும் தாய் மட்டிகளை. கோடையில் அவை ஆழமான மடுவில் ஒன்றுசேர்ந்திருக்கும். ஒரே வாரத்தில் மடுவை வாரிவிட்டால், அடுத்த மழைக்குப் பின் பெருகுவதற்கு விதையே இராது. வண்டல் எடுக்கும்போதும் இதே காரணத்தால், மடுவில் ஒரு பாகத்தைத் தோண்டாமல் விடுவது நல்லது.

செத்த ஓடுகளைச் சேகரிப்பதால் ஒரு கெடுதியும் இல்லை. ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தே; எலுமிச்சம் ரசம் விட்டால் நுரைப்பதிலிருந்து இதைக் காணலாம். நன்றாகச் சுட்டால், சுத்தமான சுண்ணாம்புச் சத்து 100 கிலோவுக்கு 56 கிலோ நீறாத சுண்ணாம்பு தேறும். மீதி வாயுவாகப் போய்விடும். ஏரி மட்டியின் ஓடு மெல்லியதாகையால், காளவாய்க்குப் போதுமான குவியல் ஒரு கிராமத்தில் சேருவது அபூர்வம். இடித்துக் கோழிக்குத் தீனியோடு போடுவதே சிறு அளவுக்கு ஏற்றது. ஆனால் ஓடு பொறுக்குகிறேன் என்று வருவோரின் மூட்டையைக் கரையேறுமுன் அவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும். கனமாகவும் இறுக மூடியும் இருப்பவை அதில் கலந்திருந்தால், அவற்றை அப்போதே ஜலத்தில் விடச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு சித்திரையிலும் மதகுக்கு அருகில் ஒரே இடத்தில் 10 அடி சதுரம் அளந்து, அதனுள் கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கி, பெரிய மட்டி, சிறிய தடித்த மட்டி எனப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புதியது இத்தனை, வெளுத்தது இத்தனை, இடப்பாதி வலப்பாதி இத்தனை என்று எண்ணிச் சங்கத்து நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்து வருவது சிரமமான வேலையன்று. பள்ளிப் பிள்ளைகள் இருவர் ஒரு காலைப் பொழுதில் செய்துவிடலாம். அன்றைய தேதியையும், மதகடியில் நிற்கும் ஜலத்தின் ஆழத்தையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணியபின், வெளுத்த ஓடுகளை அச்சதுரத்திலிருந்து அகற்றிவிட்டால், அடுத்த ஆண்டின் கணக்கில் பழையவை அதிகம் கலவாது.